இடது குதிகால்

அக்டோபர் 13

அன்புள்ள நாத்தனாருக்கு,

நேற்று ஆட்டத்துக்கு நம் வீட்டிலிருந்து வந்திருந்தவர்கள்: பெஞ்சில் கோச்சாக உன் அண்ணன், மூன்றாம் வரிசையில் நானும் என் மகள் வாண்டுவும், எங்கள் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை. அவ்வளவுதான். போன வருஷம் வரை கோட்டுக்குள்ளேயும் நம் வீட்டு ஆள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி இப்போது வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

சீசனின் முதல் ஆட்டம், சொந்த அரங்கம், மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ரயில் பட்டறை அணி வாலிபால் முதல் பிரிவு லீக்கில் ஆட ஆரம்பித்ததிலிருந்து முதல் நாளே இப்படி அடி வாங்கியதில்லை. உன் இடத்தில் செட்டராக ஒரு பெண் வந்திருக்கிறாள், எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடுகிறார்கள். நல்ல பெண்தான். பந்தைத் தூக்கிக் கொடுக்கத்தான் கொடுக்கிறாள். ஆனால் தபால் போடுகிற மாதிரி தூக்குகிறாள். யாருக்குப் போகிற பந்து என்று முகவரி எதிரணிக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அவள் நீ போட்ட ஏழாம் நம்பர் பனியனைக் கேட்டாள். 'அது கிழிஞ்சுபோச்சு' என்றார் உன் அண்ணன். கிழியவில்லை. நான்தான் துவைத்தேன், நான்தான் மடித்து வைத்தேன், எனக்குத் தெரியாதா?

போன சீசன் கடைசி ஆட்டத்தில், ஐந்தாவது செட்டில், பதினொன்றுக்குப் பன்னிரண்டில், அத்தனை பேர் முன்னால் உன்னை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். தோற்றோம். நீ மறு வாரமே துறைமுக அணிக்குக் கையெழுத்துப் போட்டாய். 'அவ இல்லாட்டி டீம் நிம்மதியா இருக்கும்' என்று அவர் சொன்னார். இதெல்லாம் அண்ணன் தங்கை கணக்கு, நான் நடுவில் வரவில்லை. ஆனால் எனக்கும் உனக்கும் என்ன சண்டை? அடுப்பை அணைத்துவிட்டு நான் வாசலுக்கு வருவதற்குள் பெட்டியோடு போய்விட்டாய். போன் செய்தால் எடுப்பதில்லை. உங்கள் விடுதி முகவரியை லீக் புத்தகத்தில் பார்த்து எழுதுகிறேன்.

விளக்கேற்றும்போது உனக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன். எதிரணி ஆளுக்காக வேண்டலாமா என்று ஒரு சந்தேகம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்; மீதியெல்லாம் நானாக எழுத்துக்கூட்டிப் படித்தது. உன் அண்ணனின் விதிப் புத்தகத்தையும் அப்படித்தான் முழுசாகப் படித்தேன். இதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதனால் வேண்டிக்கொள்கிறேன்.

சாப்பிடுகிறாயா என்றாவது எழுது.

உன் அண்ணி


அக்டோபர் 21

அண்ணி,

உங்கள் கடிதத்தை விடுதி வாட்ச்மேன் மூன்று மாடி ஏறி வந்து கொடுத்தார். தபாலில் கடிதம் வந்து பார்த்து வெகு நாளாயிற்றாம், யாருக்கு என்று பார்க்க ஆசையாம். என் அறைத்தோழியை நாங்கள் 'ஏணி' என்போம், வலைக்கு நடுவில் நின்று எதிரணியின் அடியைத் தடுத்து பிளாக் போடுகிறவள். 'யாருடி, லவ்வா?' என்று பிடுங்கினாள். 'இல்லடி, அண்ணி' என்றேன். 'அண்ணிங்க லெட்டர்லாம் போடுவாங்களா? எங்க அண்ணி வாட்ஸ்அப்லகூட ப்ளூ டிக்தான் போடுவா' என்றாள்.

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. உங்கள் குரல் கேட்டால் அழுதுவிடுவேன். அழுதால் எனக்கு மூக்கடைக்கும், மறுநாள் பயிற்சியில் மூச்சு வாங்கும், கோச் திட்டுவார். கடிதம் என்றால் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். சொல்லாமல் வந்ததும் அதற்காகத்தான். நீங்கள் வாசலுக்கு வந்திருந்தால் நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

ஆனால் அண்ணனைப் பற்றி நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். தோற்றதற்கு நான் காரணமாக இருந்தால் தாங்கிக்கொள்வேன். தோற்கும்போது நான் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். சாப்பிடுகிறேன். ஏணி சாப்பிட்டது போக மிச்சம் இருந்தால்.

கடிதம் வந்ததை அவரிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


நவம்பர் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

உங்கள் ஊரில் ஆடிவிட்டு உன் அண்ணன் நேற்று மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார். வீட்டில் நானும் அவரும் மட்டும், வாண்டு பள்ளிக்கூடத்தில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

'என்னங்க ஆச்சு?'

'மூணுக்கு ஒண்ணு. தோத்துட்டோம்.'

'அவ எப்படி ஆடினா?'

'யாரு?'

'அப்படிக் கேக்கறதுக்கு உங்களுக்கு எத்தனை தங்கச்சி இருக்காங்க?'

தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் மென்றார். பிறகு, உன் பழைய செல்லப் பேரைச் சொல்லி, 'குட்டை நல்லா தூக்கறா' என்றார். அதற்கு அப்புறம் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வலைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வந்து கை கொடுப்பீர்களே, அப்போது என்ன நடந்தது? அவரிடம் கேட்க முடியவில்லை. நீ சொல்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. பத்து அணியில் பத்தாவது இடத்தில் இருக்கிறோம். கடைசி இடத்தில் முடிக்கிற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அணியையே கலைத்துவிடுவோம் என்று பட்டறை நிர்வாகம் வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டதாம். கலைத்தால் அவர் கோச் இல்லை. பழையபடி ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டு எண்ணப் போக வேண்டியதுதான். அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நட்டைப் பார்த்து யாராவது கைதட்டி 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று கத்துவார்களா?

உன் அண்ணி


டிசம்பர் 4

அண்ணி,

கேட்டீர்கள், சொல்கிறேன். எங்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஏணி. அவளுக்குக் கை கொடுத்தார், முதுகில் தட்டினார். எனக்குப் பின்னால் எங்கள் லிபரோ, பின்வரிசையில் தடுத்தாடுகிறவள். அவளுக்கும் கை கொடுத்தார். நடுவில் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டினார்.

அண்ணி, அந்த ஷூவில் லேஸே கிடையாது. காலை நுழைத்து மாட்டுகிற ஷூ.

பஸ் ஏறியதும் ஏணியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுபோய் வேறு என்னவோ ஆகிவிட்டது. மூக்கு அடைத்துக்கொண்டது.

நேற்று நடப்புச் சாம்பியனை அவர்கள் அரங்கத்திலேயே வைத்து அடித்தோம். ஐந்து செட். கடைசி செட்டில் இரண்டாவது பந்தைத் தூக்காமல் நானே வலைக்கு மேலே அந்தப் பக்கம் தட்டிவிட்டேன், மூன்று தடவை. செட்டர் தூக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் ஸ்மாஷ் அடிக்கிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து அவர்கள் காலடியில் விழும். மூன்றாவது தடவை விழுந்தபோது அவர்கள் கோச் நாற்காலியை உதைத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இனிக்கிறது.

இந்த வருஷம் கடைசி நான்கில் வந்து அரையிறுதி ஆடாமல் விடமாட்டேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை. இல்லை, வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

நேற்று வீட்டுக்கு வந்தவர்கள்: ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர், உதவிக் கோச், முழங்காலுக்குக் கட்டுப் போடுகிற பிசியோ. நம் வீட்டு நாற்காலி ஆறு. மிச்சப் பேர் தரையில். நம் பிளாக்கர் ஒட்டகம் மட்டும் கதவில் சாய்ந்து நின்றாள், உட்கார்ந்தால் அவள் காலை வைக்க இடம் இல்லை.

எதற்கு இத்தனை கூட்டம் என்றால், கடைசி ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயித்துவிட்டோம். புதுசுக்குக் கை திரும்பிவிட்டது. நான் அரங்கத்தில் உட்கார்ந்து கத்தின கத்தில் மூன்று நாளாகத் தொண்டை கட்டி, பிரார்த்தனையைக்கூட மனசுக்குள்தான் சொல்கிறேன். இப்போது நிலவரம் என்னவென்றால், எங்களுக்கு மேலே இருக்கிற சிமெண்ட் ஆலை அணி எல்லா ஆட்டத்தையும் முடித்துவிட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே புள்ளி, ஆனால் ஜெயித்த ஆட்டம் அவர்களுக்கு ஒன்று கூட. ஆகவே எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி வேண்டும். பாக்கி இருப்பது ஒரே ஆட்டம். மார்ச் எட்டு, இங்கே, உங்களோடு.

உங்கள் நிலவரத்தையும் பேப்பரில் பார்த்தேன். எப்படியாவது ஜெயித்தால்தான் அரையிறுதி.

நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மூன்றுக்குப் பூஜ்யமோ, மூன்றுக்கு ஒன்றோ ஆனால் ஜெயித்தவர்களுக்கே மூன்று புள்ளியும். மூன்றுக்கு இரண்டு என்று ஐந்து செட் போனால் ஜெயித்தவர்களுக்கு இரண்டு, தோற்றவர்களுக்கும் ஒன்று. அப்படியானால் ஒரே ஒரு வழி இருக்கிறது. நீங்கள் மூன்றுக்கு இரண்டு ஜெயிக்க வேண்டும். நீயும் மேலே போவாய், இவரும் கீழே இறங்க மாட்டார். அதைத்தான் கேட்டிருக்கிறேன். கடவுளிடம் பொத்தாம்பொதுவாக 'காப்பாத்து' என்று சொன்னால் அவர் எதை என்று எடுத்துக்கொள்வார்? தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

நேற்று சாப்பாடு முடிந்ததும் உன் அண்ணன், நான் கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளரையெல்லாம் எடுத்து வந்து மேசையில் பரப்பினார். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, நடுவில் வலைக்குப் பதில் என் கைப்பிடித் துணி. உன் டம்ளர் எது என்று கேட்காதே. வாண்டு பால் குடிக்கிற சின்ன டம்ளர்தான்.

ஒட்டகம் கேட்டாள், 'சார், அவ ரெண்டாவது பந்தை எப்போ தூக்குவா, எப்போ தட்டுவான்னு தெரியவே மாட்டேங்குது. நான் அவ கையைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்.'

'கையைப் பாக்காத. கை பொய் சொல்லும்' என்றார் உன் அண்ணன். 'காலைப் பாரு. தட்டணும்னு நினைச்சா இடது குதிகால் எழும்.'

'நிஜமாவா சார்?'

'எட்டு வயசுலேருந்து. பிஸ்கட் டப்பா மேல் தட்டுல இருக்கும். எடுக்கணும்னு நினைச்சாலே போதும், கை போறதுக்கு முன்னாடி குதிகால் எழுந்துடும். தூரத்துல இருந்தே சொல்லிடுவேன், அம்மா, டப்பா போச்சுன்னு.'

எல்லோரும் சிரித்த சிரிப்பில் டம்ளர் சாய்ந்தது. சாய்ந்ததைப் பிடித்து நிமிர்த்தி வைத்தவர் உன் அண்ணன்தான், அது சின்ன டம்ளர். நீ அந்த அலமாரி முன்னால் நிற்கிற மாதிரியே எனக்கு இருந்தது. எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எதிரணியின் முழுத் திட்டத்தையும் எனக்குத் தபாலில் அனுப்பிவிட்டீர்கள்.

எனக்குக் குதிகால் எழுவது எனக்கே தெரியாது. எந்தக் கோச்சும் சொன்னதில்லை. படித்துவிட்டு ஏணியைக் கூப்பிட்டு என் இடது குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்துக் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். பந்தைத் தூக்கினால் காகிதம் வரவில்லை. தட்டப் போனால் ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டது. ஏணி தரையில் படுத்துக்கொண்டு, 'உங்க அண்ணன் உன்னை இவ்வளவு பாத்துக்கிட்டிருந்தாரா?' என்று கேட்டாள். நான் காகிதத்தை மறுபடி குதிகாலுக்கு அடியில் வைத்தேன்.

இப்போது நான் என்ன செய்யலாம் தெரியுமா? வேண்டுமென்றே குதிகாலைத் தூக்கலாம். ஒட்டகம் எனக்காக எகிறுவாள், நான் பந்தைப் பின்னால் கொடுத்துவிடுவேன். மூன்று செட்டில் ஆட்டத்தை முடித்துவிடலாம். அண்ணன் ஸ்டோர் ரூமுக்குப் போவார்.

பந்து என் விரலில் பட்டுவிட்டு வெளியே போனால் புள்ளி எதிரணிக்கு; நடுவர் பார்க்காவிட்டாலும் நானே கையைத் தூக்குகிறவள். அது நம் வீட்டு வழக்கம், அண்ணனும் ஆடின காலத்தில் அப்படித்தான். இதுவும் எனக்கு அதே மாதிரிதான். பட்டுவிட்டது. மறைக்க மாட்டேன். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். நாம் எழுதிக்கொள்வதையும் சொல்லிவிடுங்கள், வேறு வழியில்லை. அவர் திட்டத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. உங்கள் வேண்டுதலை வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மூன்றுக்கு இரண்டு என்று நீங்கள் முன்னாலேயே சொன்னது தெரிந்தால் பேசி வைத்து ஆடினோம் என்று இரண்டு அணியையும் தள்ளிவைப்பார்கள். நான் மூன்று செட்டில் ஜெயிக்கத்தான் வருகிறேன். ஒரு செட்டும் சும்மா கொடுக்க மாட்டேன். இதைக் கடவுளிடமும் சொல்லிவையுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 1

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்ததும் அரிசியை இரண்டு தடவை களைந்தேன். பிறகு விளக்கை ஏற்றி, 'நான் செய்த வேலைக்கு நீ துணை நில்' என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். கூடத்தில் இருந்தவர்: உன் அண்ணன். வேறு யாருமில்லை.

'என்னங்க, நான் அவளுக்கு லெட்டர் போட்டுக்கிட்டிருக்கேன்.'

'தெரியும்.'

'எப்படித் தெரியும்?'

'டிசம்பர்லேருந்து என் ஷூவைப் பாத்தா நீ சிரிக்கற.'

மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். 'குதிகால் விஷயத்தையும் எழுதிட்டேங்க. தெரியாமத்தான் எழுதினேன்.'

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

'அவ என்ன சொன்னா?'

'உங்ககிட்ட சொல்லிடச் சொன்னா. திட்டத்தை மாத்திக்கச் சொன்னா.'

'சொல்லாம வெச்சிருந்தா அவளுக்கு லாபம்.'

'ஆமாங்க.'

'சொல்லச் சொன்னாளா?'

'பந்து விரல்ல பட்ட மாதிரின்னு எழுதியிருக்கா.'

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். எதிர்வீட்டில் பெட்ஷீட் காயப் போட்டிருந்தார்கள். அதையே ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

'மாத்த மாட்டேன்' என்றார். 'தெரிஞ்சாலும் அவளால அதை மாத்த முடியாது. காகிதம் கீகிதம் வெச்சுப் பாத்திருப்பாளே?'

'பாத்திருக்கா.'

'வந்திருக்குமே?'

'வந்துதாம்.'

அப்போது சிரித்தார் பார். இந்த சீசனில் அவர் பல்லை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஒட்டகத்துக்குப் போன் போட்டு, 'அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. குதிகாலைத் தூக்கி ஏமாத்துவாளோன்னு பயப்படாத. குட்டை ஏமாத்த மாட்டா. எழுந்தா நிஜம்' என்று சொன்னார். என் காதுபடத்தான் சொன்னார்.

இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். 'எழுது, இனிமே மறைக்க என்ன இருக்கு' என்றார்.

எட்டாம் தேதி பார்க்கலாம். சால்வையை இப்போதே துவைத்துக் காயப் போட்டுவிட்டேன்.

உன் அண்ணி


மார்ச் 9

அண்ணி,

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து குதித்தால் சாலையைத் திட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள், உங்களை அரங்கத்தில் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். சால்வையைச் சுழற்றிக்கொண்டு நாற்காலி மேல் நின்றது நீங்கள்தானே? வாண்டு உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் வெளியிலிருந்து பார்த்தீர்கள், நான் உள்ளேயிருந்து சொல்கிறேன். முதல் இரண்டு செட்டிலும் நான் ஒரு பந்தைக்கூடத் தட்டவில்லை. பயம். குதிகாலைத் தரையில் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு தூக்கித் தூக்கிக் கொடுத்தேன், எங்கள் ஆட்கள் அடித்தார்கள், இரண்டு செட்டையும் எடுத்தோம். மூன்றாவதில் ஒட்டகம் எங்கள் ஸ்மாஷைத் தடுக்க ஆரம்பித்தாள். கோச் டைம் அவுட் எடுத்து, 'ஏன் நீ தட்டவே மாட்டேங்கற? கையில என்ன, சுளுக்கா?' என்று கேட்டார். தட்டினேன். ஒட்டகம் என் கையோடு கையாக வந்து பந்தை என் மூஞ்சியிலேயே திருப்பி அடித்தாள். இன்னொரு தடவை தட்டினேன், இன்னொரு தடவை. மூன்றும் அப்படித்தான். செட் போச்சு.

நாலாவது செட். எங்களுக்கு இருபத்து நாலு, உங்களுக்கு இருபத்து மூணு. ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்தது. உங்கள் இடதுபக்கக்காரி அடித்தாள், நான் பிளாக்குக்கு எகிறினேன், பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. நடுவர் வெளியே என்று காட்டினார். எங்கள் பெஞ்சு மொத்தமும் உள்ளே ஓடி வந்தது. ஏணி என்னைத் தூக்கிவிட்டாள். அவள் தூக்கின உயரத்திலிருந்து நான் கையைத் தூக்கினேன்.

பட்டது அண்ணி. மோதிர விரல் நகத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி. யாரும் பார்க்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று நினைக்காதீர்கள், உங்களுக்காகவும் இல்லை, அண்ணனுக்காகவும் இல்லை. யோசித்திருந்தால் தூக்கியிருக்க மாட்டேனோ என்னவோ. கை போய்விட்டது.

'கீழ இறக்குடி கையை' என்றாள் ஏணி. அவள்தான் என்னைக் கீழே இறக்கினாள். நடுவர் புள்ளியை உங்களுக்கு மாற்றினார். அப்புறம் இரண்டு புள்ளி, செட் உங்களுக்கு. அரங்கமே ஆடியது. எங்கள் கோச் என் பக்கமே திரும்பவில்லை. அரையிறுதியை நான் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அவர் முதுகு சொன்னது.

ஐந்தாவதில் பதினொன்றுக்குப் பன்னிரண்டு பின்னால் இருந்தோம். பலகையில் போன வருஷத்து அதே நம்பரைப் பார்த்ததும் எங்கள் பெஞ்சைப் பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது போதும் எனக்கு, அதற்கப்புறம் என் கைக்கு ஒரு வேகம் வந்தது.

பதினாலுக்குப் பதிமூணு, ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் எங்களுக்கு. பந்து வலையை ஒட்டி வந்தது. தட்டத்தான் நினைத்தேன். சத்தியமாகத் தட்டத்தான் நினைத்தேன், குதிகால் எழுந்தது எனக்கே தெரிந்தது. ஒட்டகம் எகிறிவிட்டாள். அந்தரத்தில் அவள் இரண்டு கையும் என் கண்ணுக்கு நேரே. வேறு வழியில்லாமல் தலைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பின்னால் ஏணி இருந்தாள், அவள் முன்னால் யாருமே இல்லை. அடித்தாள்.

அவர் சொன்னது சரி, எழுந்தது நிஜம். நான் ஏமாற்றவில்லை என்று ஒட்டகத்திடம் சொல்லுங்கள்.

கை கொடுக்கிற வரிசையில் நான் கையை நீட்டவில்லை. அவர்தான் பிடித்தார். 'எந்த விரல்?' என்று கேட்டார். மோதிர விரலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தில் என்னவோ எழுதியிருக்கிற மாதிரி. பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் அண்ணி? வீட்டில் என்ன சொன்னார்?

உங்கள் நாத்தனார்


மார்ச் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

இந்தக் கடிதம் எழுதும்போது வீட்டில் இருப்பவர்கள்: அடுப்படி மேசையில் நான், எதிரில் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு வாண்டு, கூடத்தில் உன் அண்ணன். ரேடியோ ஓடுகிறது, ஆனால் அவர் கேட்கவில்லை. நான் என்ன எழுதுகிறேன் என்று இரண்டு தடவை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

சால்வை சுழற்றியது நான்தான். நாற்காலி உடையவில்லை. குரல்தான் உடைந்துவிட்டது. உன் பக்கத்துக்கும் கத்தினேன், எங்கள் பக்கத்துக்கும் கத்தினேன், பின்னால் இருந்த ஒருவர், 'அம்மா, நீங்க எந்த டீம்?' என்று கேட்டார். 'ரெண்டும்' என்றேன். தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நீ உள்ளேயிருந்து பார்க்காத ஒன்றை நான் சொல்கிறேன். நடுவர் வெளியே என்று காட்டியதும் உன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முடிந்தது, எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி துண்டை மடித்தார். வாண்டு என் கையைக் கிள்ளி, 'அம்மா, அத்தை கையைத் தூக்கறாங்க' என்றாள். நிமிர்ந்து பார்த்தார். மடித்த துண்டு அப்படியே மடியிலிருந்து விழுந்தது. பக்கத்திலிருந்த உதவிக் கோச் குதிக்கிறார், ஒட்டகம் குதிக்கிறாள். இவர் மட்டும் சத்தமில்லாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்குப் பன்னிரண்டு வந்தபோதும் பார்த்தேன். பலகையைப் பார்த்தார், பிறகு உங்கள் கோச்சைப் பார்த்தார், அவர் உன்னை எடுப்பாரா என்று. எடுக்கவில்லை என்றதும் ஒரு மூச்சு விட்டார். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எதிரணிக்கு மூச்சு விட்டவர் அவர் ஒருத்தர்தான் இருப்பார்.

இப்போது கேள். அந்தக் கடைசிப் பந்து வலைக்கு வந்தபோது அவர் கோட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் உன் குதிகாலைத்தான் பார்க்கவேண்டும் என்று வெகு நேரமாகக் காத்திருந்தேன். உன்னுடையது எழுந்தது. அதே நேரம் அவருடையதும் எழுந்தது. இடதுதான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன், ஒரு நாள் பார்த்ததில்லை. அதனால்தான் உன் குதிகாலை அவரால் உன் எட்டு வயசிலேயே கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன். 'எனக்கா? சும்மா இரு' என்றார். வாண்டுவை விட்டுக் காகிதத்தை வைத்து இழுக்கச் சொன்னேன். வந்துவிட்டது. இரண்டு நாளாக வீட்டில் குதிகாலைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு.

நான் கேட்டது மூன்றுக்கு இரண்டு. கொடுத்தது மூன்றுக்கு இரண்டு. பட்டறைக்காரர்கள் அணி அடுத்த வருஷமும் இருக்கும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். விளக்கேற்றி நன்றி சொன்னேன். ஆனால் நான் கேட்கும்போது, நடுவில் ஒருத்தி தன் அரையிறுதியையே பணயம் வைத்துக் கையைத் தூக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. அதற்காகத் தனியாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். கடவுளிடம் கேட்டாயிற்று, உன்னிடமும் கேட்கிறேன்.

வீட்டில் என்ன சொன்னார் என்று கேட்டாய். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டீயைக் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்துவிட்டு, 'இது வேணாம், அந்தச் சின்ன டம்ளர்ல குடு' என்றார். வாண்டு சண்டைக்குப் போனாள், அது அவளுடையது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். குடித்து முடித்துவிட்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி, 'பதினொண்ணுக்குப் பன்னெண்டு. அன்னைக்கு அவளை உள்ளயே விட்டிருக்கணும்' என்றார்.

'இதை எழுதட்டுமா?' என்று கேட்டேன்.

'எழுது.'

'வேற ஏதாவது எழுதணுமா?'

செய்தித்தாளை எடுத்துப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து, 'அரையிறுதி அவங்க ஊர்லதானே? ஆட்டக்காரங்க வீட்டுக்கு டிக்கெட் குடுப்பாங்களே, அவ நம்ம பேரைக் குடுத்திருக்காளா கேளு' என்றார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

ஆகவே கேட்கிறேன். மூன்று டிக்கெட். நான், வாண்டு, உன் அண்ணன். ஏழாம் நம்பர் பனியனும் என் பையில் வரும். போட்டுக்கொள்ள முடியாது, தெரியும், வைத்துக்கொள். டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அண்ணி